சீட்டிலிருந்து எக்ஸெலுக்கு: பார்த்து எழுதும் வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது எப்படி?

வன்னியில் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் நெல் வியாபாரியின் மேசையில் சீட்டுகள் குவிந்துவிடும். இரணைமடுவின் கீழிருந்தும், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் பக்கங்களிலிருந்தும் உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் வந்து இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு கொள்வனவுச் சீட்டு எழுதப்படும். திகதி, விவசாயியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், நெல்லின் இனம், நிறை, விலை, கொடுத்த பணம் என எட்டு விபரங்கள் அதில் இருக்கும். இரவில் கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டுகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். மாத முடிவில் அந்தக் கொப்பியைப் பார்த்து இன்னொருவர் கணினியில் அடிப்பார்.

இந்த நிலை நெல் வியாபாரத்துக்கு மட்டும் உரியதல்ல. புறக்கோட்டையிலிருந்து சரக்கு எடுக்கும் புடவைக் கடைக்காரர், தவணைக்குப் பொருள் கொடுக்கும் மின்சாதனக் கடைக்காரர், கிராமக் கடைகளுக்கு லொறியில் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி ஆகிய எல்லோரும் ஏதோ ஒரு படிவத்திலுள்ள விபரங்களைப் பார்த்து இன்னோரிடத்தில் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றனர். இந்தப் 'பார்த்து எழுதும்' வேலையை எவ்வாறு கணினியிடம் ஒப்படைக்கலாம், ஒப்படைக்கும்போது எவற்றில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

பார்த்து எழுதுவதில் என்ன நட்டம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 60 சீட்டுகள், ஒவ்வொன்றிலும் 8 விபரங்கள் என்றால் 480 பதிவுகள். கொப்பிக்கு ஒரு தடவை, கணினிக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை எழுதினால் 960 பதிவுகள். மிகவும் கவனமான ஒருவர் 200 பதிவுகளுக்கு ஒன்றைத்தான் பிழையாக எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 பிழைகள் கணக்குக்குள் நுழைகின்றன.

அந்தப் பிழை எவ்வளவு பெறுமதியானது? 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ ஒன்றுக்கு 120 ரூபா. சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா. 1,540 கிலோ நாட்டு நெல்லை 1,450 கிலோ என்று இலக்கம் மாறி எழுதிவிட்டால் வித்தியாசம் 90 கிலோ. அதாவது 10,800 ரூபா. காசு கையோடு கொடுக்கப்பட்டிருந்தால் பிழை அன்றே தெரியும். ஆனால் எங்கள் பகுதியில் பாதிக் காசு இன்று, மீதி அடுத்த கிழமை என்று வாய்ச்சொல்லில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அதிகம். அடுத்த கிழமை விவசாயி வந்து நிற்கும்போது கணினி ஒன்று சொல்லும், அவர் கையிலுள்ள துண்டு இன்னொன்று சொல்லும். அந்த இடத்தில் 10,800 ரூபாவோடு, பத்து வருடமாகத் தேடிய நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது.

எனவே நேர மிச்சம் இரண்டாவது இலாபம்தான். ஒரு விபரத்தை மனிதக் கை ஒரே ஒரு தடவை மட்டும் எழுதட்டும், அதன் பின் அது எத்தனை இடத்துக்குப் போனாலும் இயந்திரமே கொண்டு போகட்டும் என்பதே இதன் அடிப்படை விதி.

இது புதிய பிரச்சினையல்ல

அமெரிக்காவில் 1880 ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின் படிவங்களைக் கையால் எண்ணித் தொகுத்து முடிக்க ஏழு வருடங்களுக்கு மேல் சென்றது. அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் முந்தியது முடியாது போய்விடுமோ என்ற நிலை. அப்போது ஹேர்மன் ஹொலரித் என்ற பொறியியலாளர் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை. வயது, பிறந்த இடம், தொழில் என்று ஒவ்வொரு விபரத்துக்கும் அட்டையில் ஒரு குறித்த இடம். அந்த இடத்தில் துளையிட்டால் மின்சார இயந்திரம் அந்தத் துளையைக் கண்டு எண்ணிக்கொள்ளும். 1890 கணக்கெடுப்பு இம்முறையில் நடந்தது. அவர் தொடங்கிய கம்பனி பிற்காலத்தில் வேறு கம்பனிகளோடு இணைந்து, 1924 இல் ஐபிஎம் என்ற பெயரைப் பெற்றது.

இதில் வியாபாரிக்குரிய படிப்பினை ஒன்று உண்டு. ஹொலரித்தின் முறையில், படிவத்தைப் பார்த்து அட்டையில் துளையிடும் வேலையை மனிதரே செய்தனர். ஆனால் அது ஒரு தடவைதான். ஒரு விபரத்துக்கு ஓர் இடம் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்ததால் அதன் பிறகான எண்ணலும் பிரித்தலும் இயந்திரத்தின் வேலையாயின.

எங்கள் நாட்டின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 1981 இன் பின் 2001 இல் நடந்த குடிசன மதிப்பீடு யுத்த நிலைமையால் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குள் வரவில்லை. நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012 இல்தான். 2024 இல் தொடங்கிய கணக்கெடுப்பில் உத்தியோகத்தர்கள் டெப்லட் கருவியோடு வீட்டு வாசலுக்கு வந்தனர். காகிதத்தில் எழுதிப் பின்னர் கணினியில் அடிக்கும் படியே அங்கு நீக்கப்பட்டது. கேட்கும் இடத்திலேயே பதிவு நடந்துவிடுகிறது. ஒரு நாடு செய்வதை ஒரு கடை சிறிய அளவில் செய்யலாம்.

முதலில் படிவத்தைச் சரிசெய்யுங்கள்

கணினி புத்திசாலியான கணக்குப்பிள்ளையல்ல. 'சம்பா 20 மூடை, ஒன்று ஈரம், 3 கிலோ கழிச்சது' என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் மனிதர் விளங்கிக்கொள்வார். எக்ஸெலுக்கு அது வெறும் எழுத்து. கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. ஆகவே கணினி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது சீட்டைத் திருத்தி அச்சடிப்பது. பின்வரும் ஐந்து விடயங்களைக் கவனியுங்கள்.

1. ஒரு கட்டத்தில் ஒரு விபரம் மட்டும். இனம் ஒரு கட்டம், மூடை எண்ணிக்கை ஒரு கட்டம், மொத்த நிறை ஒரு கட்டம், கழிவு ஒரு கட்டம், ஈரப்பதன் ஒரு கட்டம். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனை அளவுகோலாகக் கொள்வதால் ஈரப்பதனுக்குத் தனிக் கட்டம் வைப்பது பேரம் பேசும்போதும் உதவும்.

2. அளவைத் தலைப்பில் எழுதுங்கள், கட்டத்துக்குள் எழுத வேண்டாம். தலைப்பில் 'நிறை (கிலோ)' என்று அச்சடித்துவிட்டால் கட்டத்தில் 1540 மட்டும் வரும். மூடையின் நிறை இடத்துக்கிடம் வேறுபடுவதால் மூடையை நிறையாகக் கருதக் கூடாது.

3. ஒவ்வொரு சீட்டுக்கும் அச்சிட்ட தொடர் இலக்கம் வேண்டும். இது இல்லாமல் எந்தச் சீட்டு தவறியது, எது இரண்டு தடவை ஏறியது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது.

4. ஊர், இனம் போன்றவற்றை எழுதவிடாமல் தெரிவுசெய்யவிடுங்கள். 'முள்ளியவளை' என்று ஒருவர் எழுதுவார், 'முல்லியவளை' என்று மற்றவர் எழுதுவார், மூன்றாமவர் ஆங்கிலத்தில் எழுதுவார். கணினிக்கு இவை மூன்று ஊர்கள். எக்ஸெலில் 'டேட்டா வேலிடேஷன்' என்ற வசதியில் 'லிஸ்ட்' என்பதைத் தெரிவுசெய்து ஊர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டால், அம்புக்குறியை அழுத்தித் தெரிவதைத் தவிர வேறு வழி இருக்காது.

5. ஆளைப் பெயரால் அடையாளம் காண வேண்டாம். ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் மூவர் இருப்பர். அடையாள அட்டை இலக்கமோ, நீங்களே வழங்கும் வாடிக்கையாளர் இலக்கமோ பெயருக்கு முன் இருக்கட்டும்.

ஏற்றுவதற்கு நான்கு வழிகள்

படிவம் ஒழுங்கானால் அதிலுள்ளதை எக்ஸெலுக்கு ஏற்றப் பல வழிகள் உண்டு. உங்கள் வியாபாரத்துக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: ஒரே அமைப்பிலான எக்ஸெல் கோப்புகளைத் தானாகச் சேர்த்தல். கிளிநொச்சியில் ஒன்று, முல்லைத்தீவில் ஒன்று, வவுனியாவில் தலைமைக் கடை என்று இயங்குபவர்களுக்கு இதுவே சிறந்தது. ஒவ்வொரு நிலையமும் ஒரே தலைப்புகள், ஒரே தாள் பெயர் கொண்ட கோப்பில் அன்றைய சீட்டுகளைப் பதிந்து மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பட்டும். வவுனியாவில் அவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பின் எக்ஸெலில் 'டேட்டா' பகுதியில் 'கெட் டேட்டா', அதில் 'ஃப்ரம் ஃபைல்', அதில் 'ஃப்ரம் ஃபோல்டர்' என்று சென்று அந்த ஃபோல்டரைக் காட்டினால், எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலாகச் சேரும். அடுத்த நாள் புதிய கோப்பை ஃபோல்டரில் போட்டு 'ரிஃப்ரெஷ் ஓல்' என்பதை அழுத்தினால் போதும். 'பவர் குவெரி' எனப்படும் இவ்வசதி எக்ஸெல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது. 2010, 2013 பதிப்புகளுக்கு அது தனி இணைப்பாக வந்தது. அதற்கு முந்திய பதிப்புகளில் இல்லை. ஏதாவது ஒரு நிலையம் தலைப்பின் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தக் கட்டம் வெறுமையாக வரும் அல்லது பிழை காட்டும். ஆகவே தலைப்பு வரியைப் பூட்டிக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது: வேர்ட் படிவங்கள். ஓடர் படிவம், தவணை விண்ணப்பம் போன்றவற்றைப் பலர் வேர்டில் வைத்திருக்கின்றனர். வேர்டில் 'டெவலப்பர்' பகுதியிலுள்ள 'லெகஸி டூல்ஸ்' மூலம் நிரப்பும் கட்டங்களை அமைத்து, மற்ற எழுத்துகளை மாற்ற முடியாதபடி பூட்டிக்கொள்ளலாம். நிரப்பி வந்த படிவத்தைச் சேமிக்கும்போது 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்பதற்குள் 'சேவ் ஃபோர்ம் டேட்டா ஆஸ் டிலிமிட்டட் டெக்ஸ்ட் ஃபைல்' என்பதைத் தெரிவுசெய்தால், படிவத்தின் வசனங்களை விட்டுவிட்டு நிரப்பிய விபரங்கள் மட்டும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஒரே வரியாகச் சேமிக்கப்படும். அந்த வரி எக்ஸெலில் ஒரு நிரையாக அமரும். படிவங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் இவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு முதலாவது வழியால் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கெனச் சிறிய மெக்ரோ எழுதிக் கொடுக்கக்கூடிய பிள்ளைகள் இன்று ஊருக்கு ஒருவராவது இருக்கின்றனர். பழைய முறைக் கட்டங்களுக்கே இவ்வசதி பொருந்தும். வேர்டின் புதிய 'கொன்டென்ட் கன்ட்ரோல்' கட்டங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது: கையடக்கத் தொலைபேசியில் நேரடிப் பதிவு. 'கூகுள் ஃபோர்ம்ஸ்' மூலம் அமைத்த படிவத்தை நிரப்பி அனுப்பியதும், நேரத்துடன் ஒரு நிரை கூகுள் ஷீட்ஸில் சேர்ந்துவிடும். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களை முன்கூட்டியே குறித்துவைக்கலாம் என்பதால் பாதி நிரம்பிய சீட்டு வராது. குறை என்னவென்றால், அனுப்பும்போது இணையம் வேண்டும். சிக்னல் கிடைக்காத களங்களில் கொள்வனவு செய்வோர் 'கோபோ டூல்பொக்ஸ்' என்பதைப் பார்க்கலாம். அதில் இணையமின்றிப் பதிந்து, பிரதான வீதிக்கு வந்தபின் ஒன்றாக அனுப்பலாம். பதிவுகளை எக்ஸெல் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். உதவி நிறுவனங்கள் விபரம் திரட்டப் பரவலாகப் பயன்படுத்தும் கருவி இது.

நான்காவது: காகிதத்தைப் படமெடுத்து வாசிக்கவைத்தல். எக்ஸெலின் தொலைபேசிச் செயலியில் படத்திலிருந்து அட்டவணையை எடுக்கும் வசதி 2019 முதல் உண்டு. அச்சிட்ட ஆங்கில விலைச்சிட்டைகளுக்கு இது நன்றாக உதவும்; தமிழுக்கு இதை நம்ப வேண்டாம். அச்சிட்ட தமிழை வாசிக்க, படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸ் மூலம் திறக்கலாம். கையெழுத்து என்றால் நிலைமை வேறு. அண்மைக்கால செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் கையெழுத்துச் சீட்டைக்கூட அட்டவணையாக்கித் தருகின்றன. ஆனால் அவை வாசிக்க முடியாத இடத்தை வெறுமையாக விடாமல் ஊகித்து நிரப்பிவிடுவதுண்டு. 1 ஆ 7 ஆ என்று தெரியாத இலக்கத்தை அவை தயங்காமல் எழுதிவிடும். எனவே பணமும் நிறையும் உள்ள கட்டங்களைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

எக்ஸெல் சொல்லாமல் செய்யும் மாற்றங்கள்

தானாக ஏறும் விபரங்களில் பெரிய ஆபத்து, பிழை சத்தமில்லாமல் வருவது. எமது பகுதியில் அடிக்கடி நேர்பவை இவை.

தொலைபேசி இலக்கம்: 077 என்று தொடங்கும் இலக்கத்தை எக்ஸெல் எண்ணாக எடுத்துக்கொண்டு முதல் பூச்சியத்தை நீக்கிவிடும். அந்த நிரலை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள்.

அடையாள அட்டை: 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையின் இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. எக்ஸெல் அதைப் பெரிய எண்ணாகக் கருதி 1.98 என்று தொடங்கும் சுருக்க வடிவில் காட்டும். இதற்கும் 'டெக்ஸ்ட்' என்ற அமைப்பே மருந்து. 15 இலக்கத்துக்கு மேற்பட்ட கணக்கு இலக்கங்களில் நிலை இன்னும் மோசம். 15க்குப் பின் வருபவற்றை எக்ஸெல் பூச்சியமாக்கிவிடும். பிறகு அவற்றை மீட்க முடியாது.

பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். பழைய இலக்கத்தில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பழைய முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டால் புதிய வடிவம் கிடைக்கும். எல்லா இலக்கங்களையும் எக்ஸெல் சூத்திரத்தால் இவ்வாறு ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் ஒருவருக்கு இரண்டு கணக்கு இருப்பது வெளிப்படும். இன்னுமொரு சோதனையும் உண்டு. புதிய இலக்கத்தின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த மூன்று இலக்கங்கள் 001 முதல் 366 வரை அல்லது 501 முதல் 866 வரை இல்லையென்றால் யாரோ பிழையாக எழுதியிருக்கிறார்.

திகதி: கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 03/04 என்பது ஏப்ரல் 3 ஆக இல்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 25/04 என்று வந்தால் எக்ஸெல் அதைத் திகதியாகவே ஏற்காது. ஒரே நிரலில் சில திகதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இக்கோளாறு என்று அறிந்துகொள்ளுங்கள். விண்டோஸின் பிராந்திய அமைப்பை மாற்றினால் தீரும்.

தமிழ் எழுத்து: எமது கடைகளிலும் அச்சகங்களிலும் 'பாமினி' எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் நிறைய உண்டு. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். வேறு எழுத்துருவுக்குப் போனவுடன் பெயர்கள் விளங்காத ஆங்கில எழுத்துக் கூட்டமாகிவிடும். பாமினியில் உள்ள பெயரும் யுனிகோடில் உள்ள பெயரும் ஒரே ஆளென்று எக்ஸெல் ஒருபோதும் கண்டுகொள்ளாது. பழையவற்றை மாற்றிக் கருவியால் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, இனி யுனிகோடில் மட்டும் அடியுங்கள். காற்புள்ளியால் பிரித்த கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'டேட்டா' பகுதியிலுள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகத் திறந்து, குறியீட்டு முறையில் 65001 என்ற இலக்கமுள்ள யுனிகோடைத் தெரிவுசெய்தால் எழுத்துகள் ஒழுங்காக வரும்.

கட்டுத்தொகை: ஐந்து நிமிடக் காவல்

வங்கிகளும் பெரிய கம்பனிகளும் காகிதக் காலம் முதல் கடைப்பிடித்துவரும் ஒரு வழக்கத்தைச் சிறு வியாபாரியும் பின்பற்றலாம். அன்றைய சீட்டுகளை அடுக்கி, கல்குலேற்றரில் மூன்று தொகைகளை மட்டும் எடுத்து மேல் துண்டில் எழுதுங்கள். எத்தனை சீட்டுகள், மொத்தம் எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை ரூபா. பிறகு எக்ஸெலில் ஏறியவற்றின் அதே மூன்று தொகைகளைப் பாருங்கள்.

சீட்டு எண்ணிக்கை குறைந்தால் ஏதோ ஏறவில்லை. கூடினால் ஏதோ இரண்டு தடவை ஏறியுள்ளது. தொடர் இலக்கங்களை வரிசைப்படுத்தினால் எது என்று தெரியும். எண்ணிக்கை சரி, கிலோ பிழை என்றால் வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றிப் பிரிந்தால் பெரும்பாலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். மேலே சொன்ன 1,540 உம் 1,450 உம் அப்படியே. வித்தியாசம் 90, ஒன்பதால் பிரிகிறது. பழைய கணக்குப்பிள்ளைமார் அறிந்த இந்தத் தந்திரம் கணினிக் காலத்திலும் பொய்க்கவில்லை.

இரட்டிப்பாக ஏறியவற்றை நீக்க 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' என்பதை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். ஒரே விவசாயி ஒரே நாளில் ஒரே நிறையில் இரண்டு தடவை நெல் தந்திருக்கலாம். முதலில் நிறமிட்டுக் காட்டச் செய்து, சீட்டு இலக்கத்தைப் பார்த்த பின்பே நீக்குங்கள்.

வரிக் கணக்குக்கும் இதுவே

பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய வருடாந்த விற்பனவு வரம்பு 2024 ஜனவரி 1 முதல் 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாகக் குறைக்கப்பட்டது. அதே நாளில் வரி வீதம் 18 ஆக உயர்த்தப்பட்டது. வரம்பு குறைந்தபோது, முன்பு இக்கணக்கைப் பற்றி யோசிக்காத மொத்த வியாபாரிகள் பலருக்கும் அது தேவையாயிற்று. வரம்பு மாறக்கூடியது என்பதால் உங்கள் நிலையைக் கணக்காளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதிவு செய்தவர் கொள்வனவின்போது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்வதற்கு ஒவ்வொரு வரி விலைச்சிட்டையின் இலக்கம், திகதி, விற்றவரின் வரி இலக்கம், பெறுமதி, வரித்தொகை ஆகியவற்றைப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தால் உங்களுக்குரிய கழிப்பில் சிக்கல் வரலாம். ஆகவே எக்ஸெலில் ஒரு சோதனை நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெறுமதியின் 18 வீதத்திலிருந்து வரித்தொகையைக் கழித்தால் பூச்சியம் வர வேண்டும். வராத நிரை சிவப்பாகத் தெரியட்டும். மாத முடிவில் ஆயிரம் சிட்டைகளை மீண்டும் பார்ப்பதைவிடச் சிவந்த ஏழெட்டைப் பார்ப்பது இலகு.

காகிதத்தை எறிந்துவிடாதீர்கள்

கணினியில் ஏறிவிட்டது என்பதற்காகச் சீட்டுக்கட்டை எரித்துவிடக் கூடாது. வரிக்குரிய பத்திரங்களைக் குறைந்தது ஐந்து வருடங்கள் பேண வேண்டும். அதற்கும் மேலாக, விவசாயியோடு ஒரு பேச்சு வந்தால் அவரது கையொப்பம் இருப்பது காகிதத்தில்தான்.

மறுபக்கம், காகிதத்தை மட்டும் நம்புவதன் விலையை எமது மக்களைவிட அறிந்தவர் எவர்? 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையோடு கடன் கொப்பியும் போயிற்று. 2009 இல் வன்னி மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் வெறுங்கையோடு வந்தபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று எத்தனையோ பேரின் பத்திரங்கள் மண்ணில் கிடந்தன. யாரிடம் யாருக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதற்கு நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் மீண்டும் வியாபாரம் தொடங்கியவர்கள் இன்றும் நம்மத்தியில் உள்ளனர். ஆகவே கணக்கின் பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும்: கடைக் கணினியில் ஒன்று, வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கிழமைக்கு ஒரு நாளைக் குறித்து அன்று பிரதி எடுங்கள்.

அந்தக் கோப்பில் இருப்பது உங்கள் சொத்து மட்டுமல்ல, பிறரது அமானிதமும்கூட. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படத்தை முன்பின் தெரியாத இலவச இணையத்தளங்களில் ஏற்றி 'வாசித்துத் தா' என்று கேட்பது நல்லதல்ல. கோப்புக்குக் கடவுச்சொல் இடுங்கள். தேவையில்லாத விபரத்தைக் கேட்காமலே விடுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இன் 9 ஆம் இலக்கச் சட்டம் எமது நாட்டில் இயற்றப்பட்டுள்ளது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிகம் வரும் ஒரு படிவத்தை மட்டும் தெரிவுசெய்யுங்கள். முதற்கிழமை அதைக் கட்டம் கட்டமாகத் திருத்தி, தொடர் இலக்கத்தோடு அச்சடியுங்கள். இரண்டாம் கிழமை மேற்சொன்ன நான்கு வழிகளில் ஒன்றை அமையுங்கள். மூன்றாம், நான்காம் கிழமைகளில் பழைய கொப்பியையும் விடாமல் இரண்டையும் அருகருகே நடத்தி ஒவ்வொரு இரவும் கட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். பதினான்கு நாட்கள் தொடர்ச்சியாக ஒத்துவந்தால் கொப்பியில் பார்த்து எழுதுவதை நிறுத்தலாம். ஒத்துவராத நாளில் காரணம் தெரியும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

கணக்குப்பிள்ளையின் வேலை போய்விடுமோ என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதுவரை அவர் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். இனி அவர் சிவந்த நிரைகளைப் பார்ப்பார், யாருக்கு மீதி கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்வார், எந்த ஊர் நெல்லில் ஈரம் அதிகம் என்று கணக்கோடு காட்டுவார். விவசாயி மீதிக் காசுக்கு வந்து நிற்கும்போது அவர் கையிலுள்ள துண்டும் உங்கள் திரையும் ஒரே தொகையைச் சொல்லுமானால், அடுத்த போக நெல்லும் உங்கள் வாசலுக்கே வரும்.